ரசீதின் பின்பக்கம்

கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தகரக் கூண்டை இன்று காலை ஒழித்துச் சுத்தம் செய்தேன். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் பழைய ரசீதுப் புத்தகம் ஒன்று விழுந்து கிடந்தது. ‘ஏரிக்கரை வாகன நிறுத்தம், கார் / ஜீப்’ என்று தலையில் அச்சடித்த மஞ்சள் ரசீதுகள். பாதிக்கு மேல் எழுதாதவை. பனியில் ஊறி ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. எடுத்துப் பிரித்ததுதான் தாமதம், அந்தக் கார்பன் பேப்பர் வாடை வந்து முகத்தில் அடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்க்கும் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பிரஷரா அக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து அந்த ரசீதுகளின் பின்பக்கத்தில்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். வேறு காகிதம் இல்லாமல் இல்லை. பாப்பா திண்டுக்கல்லுக்கு நர்ஸிங் படிக்கப் போனபோது விட்டுப்போன நோட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஆனால் உங்களுக்கும் எனக்கும் கடிதம் என்றால் இதுதானே. ஊரில் எத்தனையோ புருசன் பெண்டாட்டி இருக்கிறார்கள். பார்க்கிங் ரசீதின் பின்னால் எழுதியே குடும்பம் நடத்தியது நாம் மட்டுமாகத்தான் இருப்போம்.

அது தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா? நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். ஏரியைப் பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு உங்கள் ஜீப் உள்ளே வந்தது. சொந்த வண்டிதானே, சும்மா விட்டுவிடலாமா என்று நான் தயங்கினேன். சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றார். நீங்கள் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டீர்கள். கண்ணாடியை இறக்கி, ரூபாய் நோட்டை இரண்டு கையாலும் நீட்டி, யாரோ பெரிய அதிகாரியிடம் கொடுப்பதுபோல, “மேடம், ஜீப் ஒண்ணு” என்றீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன்பக்கம் வண்டி நம்பரை எழுதினேன். அப்போதுதான் காலையில் கேஸ் தீர்ந்துபோனது நினைவு வந்தது. பின்னால் வண்டிகள் நிற்கின்றன, வாய்விட்டுப் பேச நேரமில்லை. ரசீதைத் திருப்பி, ‘கேஸ் காலி’ என்று எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நோட்டை நீட்டிக்கொண்டே, “புக் பண்ணியாச்சு மேடம்” என்றீர்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒன்பது வருசம் அது நடந்தது.

நீங்கள் விடியும் முன்பே பஸ் ஸ்டாண்டுக்குச் சவாரி பார்க்கப் போய்விடுவீர்கள். நான் ஏழு மணிக்குக் கிளம்புவேன். இரண்டு பேரும் வீடு திரும்பும்போது பேசத் தெம்பு இருக்காது. நிதானமாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்தக் கேட்டில்தான் நடந்தது. ‘பாப்பாவுக்குக் காய்ச்சல்’, ‘அத்தைக்கு மாத்திரை’, ‘மழைக் கோட்டைப் போடுங்க, சொன்னாக் கேக்கணும்’. ஒருமுறை உங்கள் தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குச் சீர் செய்வதில் சண்டை வந்ததே, அன்று கோபத்தில், ‘என்கூடப் பேச வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அதை அங்கேயே படித்துவிட்டு, “பேசாதன்னு சொல்லவும் காசு வாங்கிட்டியேடி” என்றீர்கள். பின்னால் நின்ற காரில் இருந்தவர்களுக்கே கேட்டுவிட்டது. அவர்களும் சிரித்தார்கள்.

நீங்கள் எழுதியதில்லை. எழுத்து வராது என்பீர்கள். அதற்குப் பதில் நோட்டுக்கு அடியில் ஒரு பொட்டலம் இருக்கும். அவித்த கடலை. பஸ் ஸ்டாண்டு வண்டிக்காரரிடம் சூடாக வாங்கி, ஆறாமல் இருக்க இஞ்சினுக்கு மேல் பக்கம் வைத்துக்கொண்டு வருவீர்கள். “வெரலெல்லாம் ஐஸாக் கெடக்கு, பிடி” என்று என் கையில் திணித்துவிட்டுப் போவீர்கள். நான் உடனே தின்ன மாட்டேன். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருப்பேன். பனிக்காலத்தில் சில்லறையை எண்ணி எண்ணி விறைத்துப்போன விரல்கள் அதில்தான் உயிர் பெறும்.

பிறகு காசில்லாப் பார்க்கிங் வந்தது. நான் மிஷினைத் திட்டப் போவதில்லை, உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது. காசு வாங்கிய காலத்தில் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கிழிந்த நோட்டைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். மிச்சச் சில்லறைக்கு நான் பையைத் துழாவினால், என்னமோ நான் அமுக்கப் பார்ப்பதுபோலப் பேசுவார்கள். சிலர் காசைத் தரையில் வீசிவிட்டே போயிருக்கிறார்கள், பொறுக்கியிருக்கிறேன். மிஷின் வந்த பிறகு யாரும் என்னை அப்படி நடத்தவில்லை. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை மேலே இருக்கும் கேமரா பார்க்கும், கணக்கிலிருந்து பணம் போகும், தடுப்புக் கம்பி தானாக எழும்பும். ஸ்டிக்கர் இல்லாத வெளியூர் வண்டிகள் கூண்டில் தொங்கும் அட்டையை ஸ்கேன் செய்தால் போதும். ட்ரைனிங்குக்கு எங்கள் ஆட்களில் முதலில் என்னைத்தான் அனுப்பினார்கள். பத்தாவது வரைக்கும் படித்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத்தான் தெரியும். உங்களைத் தவிர யாரிடம் பீற்றிக்கொண்டேன்?

நீங்கள்தான் ஸ்டிக்கர் வேண்டாம் என்றீர்கள். “நான் அங்கன நிக்கிறதுக்குத்தான காசே குடுக்குறேன். நிக்காமப் போறதுக்கு எதுக்குடி ஸ்டிக்கரு?” என்று கேட்டீர்கள். வெளியூர்க்காரன் மாதிரி அட்டையை ஸ்கேன் பண்ணிவிட்டே போகிறேனே, ஒரு நிமிசம் நிற்கலாமே என்றும் சொல்லிப் பார்த்தீர்கள். நான் என்ன சொன்னேன்? மற்றவர்களுக்கு மிஷின் பழக்கிவிடுகிற என் வீட்டுக்காரரே ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்றால் நாலு பேர் முன்னால் மானம் போகும் என்றேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஈரத்தை முந்தானையால் துடைத்து, முன் கண்ணாடியில் நானேதான் ஒட்டினேன். நன்றாகப் பிடிக்கட்டும் என்று நகத்தால் நாலு ஓரமும் தேய்த்தேன். நீங்கள் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்கப்புறம் ரசீது இல்லை. உங்கள் போனுக்கு மெசேஜ்தான் வந்தது. இங்கிலீஷில் இருக்கும் என்பதால் சாயங்காலம் என்னிடம் நீட்டுவீர்கள். “பாரு, ஒன் லெட்டர் வந்திருக்கு. முன்ன நீ எழுதுன, இப்ப மிஷினு எழுதுது” என்பீர்கள். ஊரில் எல்லா நிறுத்தத்துக்கும் அதே ஸ்டிக்கர்தான், இத்தனை மணிக்கு ஏரிக்கரை, இத்தனை மணிக்குத் தூண்பாறை என்று நான் படித்துச் சொல்வேன். பகலெல்லாம் எங்கே சுற்றினீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். வேவு பார்க்கிறாயா என்று சிரிப்பீர்கள்.

முதல் சில வாரம் கம்பி எழும்பினாலும் நீங்கள் வண்டியை மெதுவாக்குவீர்கள். நானும் நிமிர்ந்து பார்ப்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவீர்கள். பிறகு சீசன் வந்தது. கூட்டத்தில் அதுவும் குறைந்துபோனது. பீப் சத்தம் கேட்கும், கம்பி எழும்பும், ஒரு ஜீப் போகும். அது உங்களுடையதா வேறு யாருடையதா என்று நான் பார்க்காத நாட்கள் உண்டு. இதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

ஆயுத பூசை லீவில் அந்த வியாழக்கிழமை. பத்தே முக்காலுக்கு ஏரி தெரியாத அளவுக்குப் பனி இறங்கிவிட்டது. சிக்னல் வந்து வந்து போனது. பெங்களூர்க் கார் ஒன்றுக்குப் பணம் போய்விட்டது என்று அவர்கள் சொல்கிறார்கள், என் கையிலிருக்கும் மிஷினில் வரவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் சத்தம் போட, நான் குனிந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வரிசையில் பீப் கேட்டது. கம்பி எழும்பிய சத்தம் கேட்டது. ஒரு வண்டி போகாமல் நின்றது.

“இந்தா, இங்க பாரு” என்றீர்கள்.

உங்கள் குரல் என்று தெரிந்தது. தெரியாமல் இல்லை. உங்களுக்குப் பின்னால் மூன்று நாலு வண்டி ஹாரன் அடித்தன. நான் தலையை நிமிர்த்தவில்லை. இடது கையை மட்டும் தூக்கி, எல்லா வண்டிக்கும் ஆட்டுவதுபோல ஆட்டி, “போங்க போங்க” என்றேன்.

போய்விட்டீர்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு, மலை இறங்கும் அடுக்கம் ரோட்டிலிருந்து போன் வந்தது. உங்கள் வண்டியில் குடும்பத்தோடு வந்த திருச்சிக்காரர் பிறகு என்னைப் பார்த்து எல்லாம் சொன்னார். ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, அஞ்சு நிமிசம் இறங்கி வேடிக்கை பாருங்க என்று அவர்களை இறக்கிவிட்டீர்களாம். அப்போதே முகம் வேர்த்திருந்ததாம். இறக்கம் என்பதால் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு, ரோட்டோரத்துக் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர்கள் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது நீங்கள் சுவரில் சாய்ந்தபடி இருந்தீர்களாம். அண்ணன் அந்தக் கல்லை வைக்காமல் இருந்திருந்தால் வண்டி உருண்டு கீழே நின்ற எங்கள் மேலேயே வந்திருக்கும் என்று சொல்லி அவர் அழுதார். நெஞ்சு அந்தப் பாடு படும்போது குனிந்து கல் வைத்திருக்கிறீர்கள். மற்றவர்கள் விஷயத்தில் உங்களுக்கு எப்போதும் நிதானம் தவறியதில்லை.

சாயங்காலம் ஸ்டாண்டு டிரைவர் ஒருவர் ஜீப்பை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டியரிங்குக்கு மேல், கண்ணாடியை ஒட்டி, ஒரு பொட்டலம் இருந்தது. அவித்த கடலை. சில்லிட்டுப் போயிருந்தது. கேட்டில் எதற்கு நின்றீர்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெண்கள் எல்லாம் உள்ளே அழுதுகொண்டிருக்க, நான் வாசலில் நின்று அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன். அது சூடாகவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாப்பாவுக்குக் கல்லூரிப் பணம் கட்டவேண்டி வந்தது. கவுஞ்சிக் கிராமத்துக்காரர் ஒருவருக்கு ஜீப்பை விற்றோம். முப்பது வயதிருக்கும், பூண்டு போடுகிற குடும்பம், நல்ல மாதிரி. பேப்பரெல்லாம் அவர் பேருக்கு மாற்றிக் கொடுத்தேன். கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரை நான் மறந்துவிட்டேன். அவரும் கவனிக்கவில்லை.

வண்டி போன நாலாம் நாள், அலமாரியில் சார்ஜில் கிடந்த உங்கள் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். உங்கள் வண்டி நம்பர், தூண்பாறை நிறுத்தம், காலை ஒன்பது நாற்பது.  உடனே அந்தக் கவுஞ்சிக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தேன். எடுத்து, நம்பரைத் தேடி, வைத்துவிட்டேன். மறுநாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கும் வந்தது.

உங்கள் கணக்கில் பணம் தீரப் போகிறது என்று ஒருநாள் மெசேஜ் வந்தது. என் சம்பளத்திலிருந்து போட்டேன். அடுத்த மாசமும் போட்டேன். ஏழு மாசம் அப்படிப் போட்டேன். திட்டுங்கள், பரவாயில்லை. எங்கோ ஒரு கம்பி எழும்புகிறது, நீங்கள் உள்ளே போகிறீர்கள், வண்டியை நிறுத்துகிறீர்கள் என்று அந்த ஒரு நிமிசம் எனக்கு இருந்தது. அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. ஏரிக்கரைக்கு மட்டும் அந்த வண்டி வந்ததே இல்லை. என் கேட் வழியாக வர அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

மூன்று நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, நல்ல பனி, கூட்டமே இல்லை. பத்தே முக்காலுக்கு உங்கள் போன் சத்தம் போட்டது. செண்பகனூர் நிறுத்தம். அந்த நேரத்தைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. கூட இருந்த பெண்ணிடம் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த யூனிஃபார்ம் கோட்டோடு டவுன் பஸ் ஏறிவிட்டேன். நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்றா நினைத்தேன்? ஆமாம், நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினைந்து நிமிசமும், போனதும் முதலில் உங்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன். தலையை நிமிர்த்தாததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று யோசித்தேன்.

ஜீப் ஓரமாக நின்றது. அதே நசுங்கிய பம்பர். டிரைவர் இருக்கை காலியாக இருந்தது. பக்கத்து இருக்கையில் அந்தக் கவுஞ்சிக்காரரின் பெண்டாட்டி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் வெளியே நின்று ஜன்னல் வழியாக அவளுக்குத் தேநீர் நீட்டிக்கொண்டிருந்தார். சுடுது பார்த்து என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது, அவள் முந்தானையால் பிடித்து வாங்கினாள். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் என்னைக் கண்டுவிட்டார். ஓடி வந்து, “என்னக்கா இந்தப் பக்கம்? வாங்க, டீ சாப்பிடுங்க” என்றார். மறைத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி திறக்கிறதே, வண்டியோடு வந்த பழைய பணம் மிச்சம் இருக்கும்போல என்றுதான் நினைத்ததாக அவர் சொன்னார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். நான் தலையாட்டி மறுத்தேன். அவர் ஜீப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்த ஸ்டிக்கரு இருந்துட்டுப் போகட்டும்க்கா. காச மட்டும் மாசாமாசம் நான் போட்டுவிட்டுர்றேன். ஒங்களுக்கு வர்றது வந்துக்கிட்டே இருக்கட்டும்.”

அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவர் அப்படிச் சொன்னதும் நான் நடுரோட்டில் அழுதுவிட்டேன். சரி என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, தன் தேநீரை என் கையில் கொடுத்தாள். அந்தச் சூடு விரலில் பட்டதும் சொன்னேன்.

“வேணாம்ப்பா. எடுத்துருங்க. இது வந்துக்கிட்டே இருந்தா நான் அவரத் தேடிக்கிட்டே இருப்பேன்.”

பிளேடு வாங்கிவந்து சுரண்டினார். முழுசாக வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. நான் நாலு ஓரமும் அவ்வளவு அழுத்தித் தேய்த்திருக்கிறேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் விரித்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கித் தூசியைத் தட்டியபோது, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் ரசீது கிடந்தது. வண்டியைக் கொடுக்கும்போது நான் துடைத்தேன், கண்ணில் படவில்லை. அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, படிக்காமல் என்னிடம் நீட்டினார்.

என் கையெழுத்து. ‘சாயங்காலம் வெள்ளனே வாங்க, ஒரு நல்ல சேதி சொல்லணும்.’

என்ன நல்ல சேதி என்று எனக்கு உடனே நினைவு வந்தது. மிஷின் ட்ரைனிங்குக்கு என்னைத் தேர்ந்தெடுத்த நாள் அது. அன்று நீங்கள் நாலு மணிக்கே வந்துவிட்டீர்கள், இரண்டு சவாரியை விட்டுவிட்டு. நான் சொன்னதும் என் தலையில் கைவைத்து, “என் பொண்டாட்டி பெரிய ஆளாயிட்டா” என்றீர்கள். அந்த மிஷின் வந்தால் நமக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் சந்தோசப்பட்டீர்கள். நான் எழுதிய நூற்றுக்கணக்கான ரசீதில் நீங்கள் விரிப்புக்கு அடியில் பத்திரப்படுத்தியது அதுதான்.

போன் இப்போது சத்தம் போடுவதில்லை. மூன்று நாளாயிற்று. இன்னும் சார்ஜில்தான் வைத்திருக்கிறேன், அதை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

புத்தகத்தில் இது கடைசி ரசீது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பீப் கேட்கிறது, கம்பி எழும்புகிறது, என்னைக் கேட்காமலே எல்லாம் நடக்கிறது. ஆனால் கையில் எந்த மிஷின் சுற்றிக்கொண்டிருந்தாலும், யார் சத்தம் போட்டாலும், பக்கத்தில் ஒரு வண்டி வந்துவிட்டால் நான் தலையை நிமிர்த்தி, ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். ஒரு முகத்தைக்கூட விடுவதில்லை. போங்க என்று கையாட்ட மட்டும் என்னால் முடியவில்லை.